காட்டுக்குள் இரண்டடி

எங்கள் கேட்டில் நோட்டீஸ் ஒட்டிய காலையில் அம்மா தலையில் எண்ணெயும் தோளில் துண்டுமாக வெளியே வந்து, அதை நின்றபடியே இரண்டு முறை வாசித்தாள். தெருவில் இருந்த ஒன்பது வீடுகளும் காப்புக்காட்டு நிலத்தில் இருக்கின்றன, காலி செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். எதிர்வீட்டு ஆட்டோக்கார அண்ணன் பல் துலக்கிக்கொண்டே கேட்டார்.

"இன்னா டீச்சரம்மா, நம்ம வூடு காடாமே? அப்போ நாம இன்னா, மானா?"

அம்மா சிரிக்கவில்லை. "அளந்து பாத்தாங்களா தம்பி? அளக்காம எப்படிச் சொல்றாங்க?" என்றாள்.

சாந்தோமில் ஒரு பள்ளியில் முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் அம்மா. அப்பா போன பிறகு ஞாயிறு பூசைக்குப் போவதைத் தவிர வெளியே கிளம்புவதற்கு அவளுக்கு ஒரு காரணமும் இல்லாமல் இருந்தது. அடையாற்றுப் பக்கம், மரங்கள் அடர்ந்த ஒரு வேலியை ஒட்டி இந்த வீட்டை அப்பாவும் அவளும் சேர்ந்து கட்டியிருந்தார்கள். நான் நோட்டீஸைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். அவளோ குளித்துவிட்டு, பள்ளி ஆண்டு விழாவுக்குக் கட்டும் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, "வா, வக்கீலைப் பாக்கலாம்" என்று நின்றாள்.

மயிலாப்பூரில் மாடிப்படிக்குக் கீழே அலுவலகம் வைத்திருந்த ஒரு பெண் வக்கீல் எங்களுக்குக் கிடைத்தார். நோட்டீஸைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"டீச்சர், கோர்ட்ல ரெண்டு விஷயம் கேப்பா. நிலம் யாரோடதுன்னு ஒண்ணு. இத்தனை வருஷமா யார் சுவாதீனத்துல இருக்குன்னு இன்னொண்ணு. நீங்க குடியிருந்ததுக்கு உங்காத்துல என்னென்ன பேப்பர் இருக்கோ அத்தனையும் எடுத்துண்டு வாங்கோ. தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லுங்கோ."

அந்த ஞாயிற்றுக்கிழமை தெருவே எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. பிஸ்கட் டப்பாக்களிலும் மஞ்சள் பைகளிலும் காகிதங்கள் வந்து இறங்கின. வீட்டு வரி ரசீது, ரேஷன் கார்டு, கரண்ட் அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ். அம்மா தரையில் சாக்பீஸால் ஒன்பது கட்டம் போட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கட்டம் ஒதுக்கினாள். பத்து வருஷமாக ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தவர்கள், "ஐயோ, இது நீங்களா? இவ்ளோ ஒல்லியா!" என்று ரேஷன் கார்டுப் படங்களைக் கைமாற்றிச் சிரித்தார்கள். ஆட்டோக்கார அண்ணனின் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு காகிதம் விழுந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவர் மனைவிக்கு, நாங்கள் அக்கா என்று கூப்பிடுபவருக்கு, அவர் எழுதிய கடிதம்.

"படிங்க டீச்சர், எல்லாரும் கேக்கட்டும்" என்றார் அக்கா.

"ஏய், கோர்ட்டு கேஸுக்கு இதெல்லாம் எதுக்குமே? குடு இப்டி!" என்று அண்ணன் பிடுங்கப் பார்த்தார். அம்மா கடிதத்தைத் திருப்பிப் பார்த்து, "அனுப்புநர் முகவரியில இந்தத் தெருப் பேர் இருக்கு. தேதியும் இருக்கு. இதுவும் ஆதாரம்தான்" என்று அவர்கள் கட்டத்தில் வைத்தாள். அண்ணன் முகத்தைக் கைலியால் மூடிக்கொண்டார்.

தெருவை இப்போதைக்குத் தொடக்கூடாது என்று நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. பிறகு வாய்தா மேல் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் தெருவிலிருந்து நாலைந்து பேராவது புளிசாதம் கட்டிக்கொண்டு பாரிமுனை கோர்ட்டுக்குப் போனோம். நான் தி. நகரில் ஒரு பள்ளி நூலகத்தில் வேலை பார்த்தேன். என் விடுப்பு முழுக்க அப்படியே கரைந்தது. அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை.

பிரச்சினை வரைபடத்தில் இருந்தது. எங்கள் பத்திரத்தோடு இருந்த பழைய வரைபடமும் காட்டு இலாகா கொடுத்த புதிய வரைபடமும் ஒத்துப்போகவில்லை. நேரில் பார்த்து அளந்து அறிக்கை கொடுக்க, நீதிபதி ஒரு வக்கீலைக் கமிஷனராக நியமித்தார். அவர் சர்வேயரோடும் இரண்டு வன அலுவலர்களோடும் வந்தபோது பதினோரு மணி வெயில். பழைய சர்வே கல் ஒன்று கிடைத்தால் போதும், அதிலிருந்து அளந்துவிடலாம் என்றார் சர்வேயர். எங்கு தேடியும் கல் இல்லை.

அம்மா இதற்காக ஒரு வாரம் உட்கார்ந்து பழைய வரைபடத்தில் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். "கல் இருந்தா எதிர்வீட்டுக் கொல்லையிலதான் இருக்கணும்" என்றாள்.

எல்லோரும் அங்கே போனோம். அக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தார். கொல்லையில் கிணற்றடியும், சுற்றிலும் சிமெண்டு பூசிய துவைக்கும் கல்லும்தான் இருந்தன. சர்வேயர் அந்தக் கல்லையே பார்த்தார்.

"யம்மா, கொஞ்சம் தண்ணி ஊத்து."

அக்கா ஒரு வாளித் தண்ணீரை ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்தார். பல வருஷத்துச் சோப்புப் படலம் உரிந்து வந்தது. அதன் அடியில், உளியால் வெட்டிய ஒரு கூட்டல் குறி. சிமெண்டை உடைத்துப் பக்கவாட்டில் தோண்டியதும் எண்ணும் தெரிந்தது. வரைபடத்தில் இருந்த அதே எண்.

"எத்தினி வருசமா இதுல துவைக்கிற?" என்றார் சர்வேயர்.

"கண்ணாலம் ஆயி வந்ததுலேர்ந்து சார். நல்ல கல்லு சார்!"

வன அலுவலர் ஒருவர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் கமிஷனரும் கோப்பால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தார். மாலைவரை அளந்தார்கள். ஒன்பது வீடுகளும் காட்டுக்கு வெளியே. ஒரே ஒரு இடம் மட்டும் உள்ளே. எங்கள் வீட்டுக் குளியலறையின் பின்சுவர், இரண்டடி.

நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் அளவு நாடாவைக் குனிந்து தானே ஒருமுறை பார்த்தாள்.

"சரியாத்தான் அளந்திருக்காங்க. ரெண்டடி அவங்களுது. குடுத்துடணும்."

"நாம வேணும்னா ஆட்சேபணை போடலாம் டீச்சர்" என்றார் கூட வந்திருந்த எங்கள் வக்கீல்.

"எதுக்கு? தப்பா வந்த விடையை ரப்பரால அழிக்கிறதில்லையா?"

சில மாதங்களில் தீர்ப்பும் அப்படியே வந்தது. எங்களை யாரும் அப்புறப்படுத்தக் கூடாது. அந்த இரண்டடியை மட்டும் ஒப்படைக்க வேண்டும். நீதிமன்ற வாசலிலேயே அண்ணன் அம்மாவுக்கு ரோஜா மாலை போட்டார். அதோடு ஆட்டோவில் ஏறியவள் அடையாறு பாலம் தாண்டும்வரை மாலையைக் கழற்றவில்லை.

குளியலறையை இடித்துப் புதிதாகக் கட்டி முடிக்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் அம்மா சோப்பு டப்பாவும் துண்டுமாகத் தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குக் குளிக்கப் போனாள். பத்து நிமிஷக் குளியலுக்குப் போனவள் திரும்பி வர ஒரு மணி நேரமாகும். ஈரத் தலையோடு அவர்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து அக்காவோடு காபி குடிப்பாள். கட்டட வேலை முடிந்துவிட்டது என்று கொத்தனார் வந்து சொன்ன அன்று, "ஈரம் காயட்டும், இன்னும் ஒரு வாரம் போகட்டும்" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.