வலிக்குதா என்று அப்பா கேட்டார்

பேத்தியின் பள்ளிக்கூடத்தில் போன மாதம் பெற்றோரை வரச் சொல்லியிருந்தார்கள். மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், மருமகளுக்குக் காய்ச்சல். அதனால் நான் போனேன். பிளாஸ்டிக் நாற்காலி, மைக், பேப்பர் கப்பில் டீ. பிள்ளைகளுக்குப் படிப்பில் ஆசை வர என்ன செய்யலாம் என்று தஞ்சாவூரிலிருந்து வந்த ஒரு தம்பி பேசினார். நல்ல பேச்சுதான். முடிக்கும்போது மைக்கை என் பக்கம் நீட்டினார்.

"உங்கள படிக்க வைக்க உங்கப்பா என்ன பண்ணாங்க பெரியவரே?"

"ஒரு நா வயலுக்குக் கூட்டிக்கிட்டுப் போனாரு தம்பி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீ அதற்குள் ஆறிப்போயிருந்தது.

எங்கள் ஊர் திருவையாற்றுக்குக் கிழக்கே, வாய்க்கால் கரையில். அப்பா பண்ணையாள். மிராசுதார் நிலத்தில் வேலை, அவர் மனையில்தான் குடிசை. தாத்தாவும் அப்படித்தான், அவருக்கு முந்தியவரும் அப்படித்தான். நான் ஒருத்தனாவது எழுத்துக்காரனாக வேண்டும் என்று அப்பாவுக்கு ஒரு வெறி.

எனக்கோ மூன்றாம் வகுப்பிலேயே பள்ளிக்கூடம் கசந்துவிட்டது. ஏன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. வாத்தியார் அடித்ததுகூட இல்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் கரும்பலகையில்கூட நண்டு வளைதான் தெரியும். அந்தக் காலத்து வயல் நண்டுக்கு ஒரு ருசி உண்டு. இப்போது மருந்தடித்து மருந்தடித்து நண்டும் போச்சு, நத்தையும் போச்சு. சரி, அது கிடக்கட்டும்.

அப்பா பொரி உருண்டை வாங்கித் தந்து பார்த்தார். புளிய மிளாறை எடுத்துப் பார்த்தார். தோளில் தூக்கிப்போய் வகுப்பு வாசலில் இறக்கிவிட்டும் பார்த்தார். அவர் வயலுக்குப் போய்ச் சேருமுன் நான் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்திருப்பேன். கடைசியில் அம்மாதான் வழி சொன்னாளாம். எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகு அவளே என்னிடம் சொன்னது இது.

"ஒரு நா சேத்துல எறக்கி விடுங்க. முதுகு ஒடிஞ்சா பள்ளிக்கூடம் தானா இனிக்கும்."

குறுவை நடவு நேரம். விடிகிறபோதே அப்பா என்னை எழுப்பினார். "இன்னிக்கு என்கூட வேலைக்கு வாடா" என்றார். அப்பாவோடு வேலைக்கு! நான் பெரிய ஆளாகிவிட்டேன் என்று நினைத்தேன். அது தண்டனை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அப்பா நாற்றைப் பறித்து முடி முடியாகக் கட்டிப் போடுவார். சேறு சொட்டும் அந்த நாற்றுக் கட்டுகளைத் தலையில் வைத்து, வழுக்கும் வரப்பில் நடந்து, நடவுப் பெண்களுக்குக் கொண்டுபோய்ப் போட வேண்டும். பெரியவர்களுக்கே கழுத்து இறங்கிவிடும். அப்பா வேண்டுமென்றே கனமாக ஏற்றிவிட்டார்.

"வாத்தியாரு வாராரு, வழிவிடுங்கடி!" என்றாள் ஒருத்தி.

"என்ன மாப்ள, பள்ளிக்கூடத்த வித்துப்புட்டு வந்துட்டியா?" என்றாள் அத்தை முறைக்காரி.

நான் ஓட்டமும் நடையுமாகப் போட்டுவிட்டுத் திரும்பினேன். அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"கழுத்து வலிக்குதாடா?"

"இல்லப்பா."

வலித்தது. ஆனால் வலிக்கிறது என்றால் நாளைக்குக் கூட்டிவர மாட்டாரே. காலில் அட்டை கடித்துத் தொங்கியது. அவர் பார்க்குமுன் பிய்த்து எறிந்தேன். அடுத்த நடைக்கும் கேட்டார். அதற்கடுத்த நடைக்கும் கேட்டார். கஞ்சி குடிக்கும்போது பக்கத்தில் வந்து குந்தினார்.

"வலிச்சா சொல்லுடா தங்கம். அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அதுவரை அவர் என்னைத் தங்கம் என்று கூப்பிட்டதே இல்லை. அந்த ஒரு சொல்லுக்காக மத்தியானம் இன்னும் வேகமாக ஓடினேன்.

வெயில் சாய்ந்தபோது மிராசுதார் குடையோடு வரப்பில் வந்து நின்று, கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

"யாரு, ஒன் பயலா? கெட்டிக்காரனா இருக்கானே. நாளையிலேருந்து அனுப்பு. நடவு முடிஞ்சதும் நம்ம மாட்டப் பாத்துக்கட்டும்."

அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "படிக்கிற பயங்கய்யா. இன்னிக்கு ஒரு நாளைக்குன்னுதான்..."

"படிக்கிற பய இந்த ஓட்டம் ஓடுவானா? அட போப்பா!"

நடவுப் பெண்கள் குனிந்த தலை நிமிரவில்லை. அப்பா எங்கள் குடிசை நிற்கும் மனையைப் பற்றி நினைத்திருப்பார். "சரிங்கய்யா" என்றார்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மிராசுதாரே கெட்டிக்காரன் என்று சொல்லிவிட்டார்! வாத்தியார் ஒருநாளும் சொன்னதில்லை.

திரும்பும் வழியில் வாய்க்காலில் இறங்கினோம். அப்பா என் காலைத் தேய்த்துக் கழுவிவிட்டார். அட்டை கடித்த இடத்திலிருந்து ரத்தம் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"நெசமா சொல்லு. வலிக்கலியா?"

"இல்லவே இல்லப்பா. நாளைக்கு இன்னும் ரெண்டு முடி கூட ஏத்துங்க."

அப்பா காலை விட்டுவிட்டார். கொஞ்சம் தள்ளிப்போய், தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொண்டே இருந்தார். இவ்வளவு நேரம் கழுவ அப்பா முகத்தில் அப்படி என்ன சேறு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தபடி, வீட்டுக்குப் போய் அம்மாவிடம் முதலில் எதைச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு, கரையில் நின்றிருந்தேன்.