பாஸ்டரம்மா பேரைச் சொல்லவில்லை

மூடியில் கீறல் விழுந்த பச்சை நிற பிளாஸ்க் அது. அம்மா மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியில் கிடந்த நாற்பது நாளும் காலை ஏழு மணிக்கு அந்த பிளாஸ்க் வார்டுக்குள் வந்துவிடும். அதைத் தூக்கிக்கொண்டு வருபவர் எங்கள் சபைப் போதகரின் மனைவி. நாங்கள் எல்லாரும் அவரை பாஸ்டரம்மா என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட ஆறு வயது சின்னவர். பிளாஸ்க்குக்குள் சீரகம் தட்டிப்போட்ட நொய்க்கஞ்சி, அம்மாவால் விழுங்க முடிகிற பதத்தில் இருக்கும். "நீங்க வீட்டுக்குப் போய் குளிச்சிட்டு ஸ்கூலுக்குக் கெளம்புங்கக்கா, அம்மாவ நான் பாத்துக்கிறேன்" என்பார். அம்மாவுக்கு ஊட்டி, வாயைத் துடைத்து, துணி மாற்றிவிடுவார். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. அம்மா இறந்த அன்று உடலைக் குளிப்பாட்டியது நாங்கள் இரண்டு பேரும்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததைப் படிக்கிறவர்கள் அவரைக் கெட்டவர் என்று சுலபமாக முடிவு செய்துவிடக் கூடாது. ஒரு கெட்டவர் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

எங்களுடையது கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சின்ன மெதடிஸ்ட் சபை. ஐம்பது, அறுபது குடும்பங்கள். தேரடிப் பக்கம் கடை வைத்திருப்பவர்கள், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், என்னைப் போன்ற பள்ளி ஆசிரியைகள். எனக்கு எட்டு வயது இளையவனான என் தம்பி அந்தச் சபைக் கோயிலில்தான் பாடக் கற்றுக்கொண்டான். கிறிஸ்துமஸ் ஆராதனையில் முதல் பாட்டை அவன் எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்களுக்குக் குரல் வரும். படித்து முடித்து சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாக வேலைக்குப் போனான். பிறகு பண்டிகைக்கு மட்டும் வந்து பாடினான். அவனுக்கு முப்பது தாண்டியதும் நான் பெண் பார்க்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு காரணம் சொல்லித் தட்டிக் கழித்தான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் சமையலறையில் வந்து நின்றான். நான் வஞ்சிரம் வறுத்துக்கொண்டிருந்தேன். "அக்கா, பொண்ணு பாக்குறத நிறுத்திடு. நான் ஒருத்தரோட இருக்கேன்" என்றான். யாரோ வேறு மதத்துப் பெண் போலிருக்கிறது என்று நினைத்து, பெயர் என்ன என்று கேட்டேன். அவன் ஒரு ஆணின் பெயரைச் சொன்னான். ஸ்ரீமுஷ்ணத்துக்காரராம், சிதம்பரத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறாராம், நாலு வருடமாக ஒன்றாக இருக்கிறார்களாம். நான் அடுப்பை அணைத்தது நினைவிருக்கிறது. வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை. "உங்கிட்ட மட்டும்தான் சொல்றேன். மாமாகிட்ட நானே நேரம் பாத்து சொல்லிக்கிறேன்" என்றான். மாமா என்றது என் கணவரை. சரி என்று தலையாட்டினேன். அன்று அவன் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். மீன் தீய்ந்திருந்தது.

மூன்று வாரம் அதை நெஞ்சுக்குள் வைத்திருந்தேன். நான் வேதத்தை வரிக்கு வரி நம்பி வளர்ந்தவள். தம்பி செய்வது பாவம் என்றுதான் அப்போது முழுமனதாக நம்பினேன். ஆனால் அவன் என் தம்பி, அம்மா இல்லாத வீட்டில் எனக்கு மிஞ்சியவன். வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபக் கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு பாஸ்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டு என்னோடு சேர்ந்து அழுதார். அது நடிப்பில்லை என்று இன்றும் சத்தியம் செய்வேன். "இது உங்களுக்கும் எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல இருக்கட்டும்க்கா. பாஸ்டர்கிட்ட கூட சொல்ல மாட்டேன்" என்றார். அதன்பின் ஒன்றரை வருடம், வெள்ளிக்கிழமை தோறும் நாங்கள் இருவரும் முழங்காலிட்டு அவனுக்காக ஜெபித்தோம். என் பாரத்தில் பாதியை அவர் எடுத்துக்கொண்டார் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. எங்கள் சபை சேர்ந்திருந்த தலைமைச் சபையின் பெரிய கூட்டம் எங்கோ வெளிநாட்டில் நடந்தது. ஆணோடு ஆணும் பெண்ணோடு பெண்ணும் சேர்ந்து வாழ்வதைக் கண்டிக்கிற வரிகளைச் சபைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அப்படிப்பட்டவர்களுக்குத் திருமணம் நடத்துவதா வேண்டாமா என்பதை அந்தந்தப் போதகரின் மனச்சாட்சிக்கு விட்டுவிட்டார்கள். எங்கள் பாஸ்டருக்குத் தாங்கவில்லை. வேதத்தை விட்டு விலகிய தலைமையோடு நாம் எப்படி இருப்பது என்று பீடத்தில் நின்று கேட்டார். சேர்ந்தாற்போல ஆறு ஞாயிறு அதையே பிரசங்கம் செய்தார். தலைமையை விட்டுப் பிரிந்து தனிச் சபையாகிவிட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். எனக்கும் அதில் மாறுபாடில்லை என்றுதான் கமிட்டிக்காரர்கள் கேட்டபோது சொன்னேன்.  

பெரியவர்கள் பலருக்கு மனசில்லை. பிரிந்தால் கட்டடம் தலைமைச் சபைக்குத்தான் போகும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆராதனை முடிந்து விசேஷக் கூட்டம் கூட்டிய அன்று, ரயில்வேயில் கார்டாக இருந்த ஒரு பெரியவர் எழுந்தார். "பாஸ்டர், அது எங்கியோ வெள்ளக்காரன் ஊர்ல நடக்குற சமாச்சாரம். நம்மள யாரும் அப்படிக் கல்யாணம் பண்ணி வைக்கச் சொல்லலியே. எங்க அப்பாவ அடக்கம் பண்ணுன கோயிலு இது. இத விட்டுட்டு நான் எங்க போவேன்?" என்றார். அவர் உட்கார்ந்ததும் சுற்றிலும் தலைகள் ஆடின. பாஸ்டரின் முகம் வாடிப்போனதைப் பார்த்தேன். வாக்கெடுத்தால் தோற்றுவிடுவார் என்று எனக்கே புரிந்தது.

அந்த நேரத்தில் பாஸ்டரம்மா எழுந்தார். பொதுக் கூட்டத்தில் அவர் பேசி நான் பார்த்ததில்லை. சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, "வெளிநாட்டு சமாச்சாரம்னு நெனைக்காதீங்க ஐயா" என்று ஆரம்பித்தார். "அது நம்ம பெஞ்சுக்கே வந்துடுச்சு. இதே கோயில்ல நின்னு பாடுன புள்ள ஒண்ணு இன்னிக்கு சிதம்பரத்துல ஒரு ஆம்பளையோட குடும்பம் நடத்திக்கிட்டு இருக்கு. அந்தப் புள்ளைக்காக அவுங்க அக்கா அழுவுற அழுகைய ஒன்றரை வருஷமா என் கண்ணால பாக்குறேன். நாளைக்கு அந்த ரெண்டு ஆம்பளையும் கை கோத்துக்கிட்டு வந்து இந்தப் பீடத்துல நின்னா என்னா சொல்லுவீங்க?" என்று கேட்டார். அழுதுகொண்டேதான் கேட்டார்.

அவர் பேரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. எங்கள் கோயிலில் பாடிவிட்டுச் சிதம்பரத்துக்குப் போனவன் ஒருவன்தான். கூட்டத்தில் ஒருவர்கூடத் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் அவ்வளவு கவனமாக நேரே பார்த்துக்கொண்டிருந்ததில்தான், எல்லாருக்கும் புரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த என் கணவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு அதுவரை எதுவும் தெரியாது.

உடனே வாக்கெடுத்தார்கள். பிரிந்து போகச் சம்மதிக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார் பாஸ்டர். முன் பெஞ்சில் கைகள் எழுந்தன, பிறகு நடுவில், பிறகு என் பக்கத்தில். அந்த ரயில்வே பெரியவரின் மனைவிகூடத் தூக்கினார். நானும் தூக்கினேன். இதை எழுதாமல் விட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் தூக்கினேன். நம்பிக்கையால் தூக்கினேனா, தூக்காவிட்டால் தம்பிக்காகத்தான் தூக்கவில்லை என்பார்களே என்ற பயத்தில் தூக்கினேனா என்று அன்றிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்கக் கேட்கப் பயம் என்ற பதில்தான் வருகிறது.

ஸ்கூட்டரில் வீடு வந்ததும் என் கணவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி, "என்கிட்ட சொல்ல மாட்ட. ஊர்ல இருக்கிறவங்ககிட்ட சொல்லுவ. அப்படித்தான?" என்று மட்டும் கேட்டார்.  தம்பிக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. அதற்குள் யாரோ அவனுக்குச் சொல்லிவிட்டிருந்தார்கள்.

மறுநாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு மயிலாடுதுறை பாசஞ்சரில் சிதம்பரம் போனேன். மேலவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடி வீடு. அதுவரை ஒருமுறைகூட நான் அங்கே போனதில்லை. கதவைத் திறந்தவர் தம்பியோடு இருக்கும் அந்த மருந்துக் கடை நண்பர். ஒல்லியாக, மூக்குக் கண்ணாடி போட்டு, என் பள்ளிக் கணக்கு வாத்தியார் மாதிரி இருந்தார். "வாங்கக்கா, வெயில்ல வந்திருக்கீங்க" என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தார். பிறகு கடைக்குப் போவதாகச் சொல்லி எங்களைத் தனியே விட்டுவிட்டு இறங்கிப் போனார். தம்பி ஷேவ் செய்யாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "நீ கை தூக்குனியாக்கா?" என்பது.

"தூக்குனேன்" என்றேன்.

 "பாஸ்டரம்மா பேசுனதுகூடப் பரவால்ல. அவுங்களுக்கு நான் யாரு? நீ எதுக்கு அவுங்ககிட்ட சொன்ன?" என்றான். ஜெபம் பண்ணத்தான் சொன்னேன் என்றேன். "எதுக்கு ஜெபம்? எனக்கு என்னா நோவா?" என்று கேட்டான். குரல் உயரவில்லை. அவன் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், வேத வசனம் ஏதாவது சொல்லியிருப்பேன். அவன் எழுந்துபோய் எனக்குக் காபி போட்டுக் கொடுத்தான். சர்க்கரை குறைவாக, எனக்குப் பிடித்த மாதிரியே போட்டிருந்தான். அதைக் குடிக்க முடியாமல் குடித்துவிட்டு வந்தேன்.

பிறகு நடந்ததெல்லாம் ஊருக்குத் தெரியும். பிரிந்தவர்கள் செம்மண்டலம் பக்கம் ஒரு ஹாலை வாடகைக்குப் பிடித்தார்கள், புதுப் பெயர்ப் பலகை மாட்டினார்கள். பழைய கோயிலில் ரயில்வே பெரியவரும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரும் தங்கிவிட்டார்கள். கையைத் தூக்கிய அவருடைய மனைவி புதுச் சபைக்குப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே வீட்டிலிருந்து புறப்பட்டு வேறு வேறு பக்கம் நடக்கிறார்கள். என் பள்ளியில் உடன் வேலை பார்க்கிற தமிழாசிரியை ஒருநாள், "உங்க கோயில்ல என்னமோ சண்டையாமே டீச்சர்?" என்று விசாரித்தாள். விசாரித்த விதத்திலேயே அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று தெரிந்தது. நான் இரண்டு இடத்துக்கும் போகவில்லை. புதுச் சபைக்குப் போனால் பாஸ்டரம்மா இருப்பார். பழைய கோயிலுக்குப் போக எனக்கு உரிமை இல்லை, அதை வேண்டாம் என்று கையைத் தூக்கியவள் நான்.

ஒரு வருடம் கழித்து மார்க்கெட்டில் கீரைக் கடை முன்னால் பாஸ்டரம்மாவைப் பார்த்தேன். ஒதுங்கிப் போக இடமில்லாத கூட்டம். அவர் இளைத்திருந்தார். ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம்மேல கோவமாக்கா? நான் பேரச் சொல்லவே இல்லியேக்கா" என்றார். அவர் அதை உண்மையாகவே நம்பினார். பேரைச் சொல்லாததால் வாக்கு தவறவில்லை என்று இந்த ஒரு வருடமும் தன்னைத் தேற்றிக்கொண்டிருக்கிறார். பிடித்த கையை விடாமலே, "இன்னமும் வெள்ளிக்கிழமை ஆனா தம்பிக்காக ஜெபம் பண்ணிக்கிட்டுதான் இருக்கேன்" என்றார். அம்மாவின் வாயைத் துடைத்த கை அது. அதை மெதுவாக என் கையிலிருந்து எடுத்துவிட்டேன். "இனிமே எங்களப் பத்தி யாருகிட்டயும் பேசாதீங்க பாஸ்டரம்மா. ஆண்டவர்கிட்ட கூடப் பேசாதீங்க" என்றேன். அவர் முகம் சுருங்கிப்போனது. கீரைக்காரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். 

அப்படிச் சொல்லிவிட்டதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. அநியாயம் செய்தவரிடம் நேருக்கு நேர் சொல்லிவிட்டேன், இனி என் பக்கம் பாக்கி ஒன்றுமில்லை என்று இருந்தேன். தம்பியும் மறுபடி பேச ஆரம்பித்திருந்தான். ஞாயிறு தோறும் போன் செய்வான். நல்லா இருக்கேன் என்பான், மாமாவை விசாரிப்பான், சிதம்பரத்தில் மழை பெய்ததா என்று சொல்வான். போன மாதம் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது, நண்பர் இப்போதுதான் மாடிப்படி ஏறி இறங்குகிறார் என்று வாய்தவறிச் சொன்னான். ஏன், அவருக்கு என்ன என்று கேட்டேன். நெஞ்சில் அடைப்பு, ஆபரேஷன் முடிந்து மூன்று மாதமாகிறது என்றான். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் இவன் ஒருவனே கூட இருந்திருக்கிறான். எங்கள் கடலூரைத் தாண்டித்தான் போகவும் வரவும் செய்திருக்கிறான்.

"ஏன்டா என்கிட்ட சொல்லல? நான் கஞ்சி போட்டுக் கொண்டாந்திருப்பேனே" என்றேன்.

அவன் சிரித்தான். கோபமெல்லாம் இல்லை, சின்ன வயதில் என்னைச் சீண்டுவானே, அப்படித்தான் சிரித்தான். "சொன்னா நீ யாருகிட்டயாவது போயி ஜெபம் பண்ணச் சொல்லுவியேக்கா" என்றான். பிறகு, சரி, குக்கர் விசில் அடிக்குது, அப்புறம் பேசுறேன் என்று வைத்துவிட்டான்.