வசந்தாவின் ரைபிளை யார் தேர்ந்தெடுத்தது?

இந்த வாரம் கோபத்தோடுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் வைத்த காபி ஆறிவிட்டது — நான் இன்னும் ஆறவில்லை.

சில மாதங்களுக்கு முன் வேலூரில் துப்பாக்கி சுடும் போட்டி. என் சித்தி மகள் வசந்தா கலந்துகொள்ளப் போனாள். துணைக்கு நான். வசந்தா, திருவண்ணாமலையில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். காலேஜில் என்.சி.சி.யில் ரைபிள் பிடித்துப் பழகியவள். கல்யாணத்தோடு விட்டுப்போனதை மறுபடி ஆரம்பித்து, கிளப்பில் சேர்ந்து, கலெக்டர் ஆபீஸுக்கு லீவு போட்டு லீவு போட்டு அலைந்து, தன் பெயரிலேயே லைசென்ஸ் வாங்கியவள். சாதாரண விஷயமா?

அவள் முறை வந்தது. விரித்திருந்த பாயில் குப்புறப் படுத்தாள். நடுவர் வந்து குனிந்து பார்த்தார். இந்தப் போட்டியில் டெலஸ்கோப் வைத்துச் சுடக்கூடாது, கழற்றிவிடுங்கள் என்றார்.

கழற்றினால்? அங்கே ஒன்றுமே இல்லை. குறி பார்க்கிற பழைய சைட்டை எடுத்துவிட்டுத்தான் அந்தக் குழாயைப் பொருத்தியிருந்தார்கள். வசந்தாவுக்கு இது தெரியாமல் இல்லை. கிளப்பில் ஒருவர் தன் ரைபிளைத் தருவதாகச் சொல்லியிருந்தார். அவர் வரவில்லை. கேட்டுப் பார்ப்போம், விட்டாலும் விடுவார்கள் என்றுதான் படுத்தாள். விடவில்லை. விதி விதிதானே...

ஒரு குண்டுகூடச் சுடாமல் எழுந்தாள். முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே, "வாங்கக்கா, போலாம்" என்றாள். அவ்வளவுதான்.

அந்த டெலஸ்கோப் எப்படி வந்தது? அதைச் சொன்னால்தான் என் கோபம் உங்களுக்குப் புரியும்.

லைசென்ஸ் கைக்கு வந்ததும் மெட்ராஸ் போனோம். வசந்தா, அவள் கணவர் குணசேகரன், நான். குணசேகரன் கோயிலுக்குப் பக்கத்தில் லாட்ஜ் நடத்துகிறார். கெட்ட மனிதர் இல்லை. மனைவிக்கு வாங்கித் தரவேண்டும் என்று அவரேதான் கார் எடுத்தார். மவுண்ட் ரோடு பக்கம் ஒரு துப்பாக்கிக் கடை. சஃபாரி சூட் போட்ட கடைக்காரர் குணசேகரனுக்கு நாற்காலி போட்டார். எங்களுக்கு? கூல் டிரிங்க் வந்தது.

வசந்தா தனக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொன்னாள். பாயின்ட் டூ டூ ரைபிள். ரொம்ப கனம் கூடாது. கண்ணை வைத்துப் பார்க்கிற துவார சைட். தோளில் மாட்டி இறுக்கிப் பிடிக்க ஒரு வார். காதுக்கு அடைப்பு. குழல் துடைக்கிற கம்பி. அவள் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் கடைக்காரர் பதில் சொன்னார் — குணசேகரனைப் பார்த்து!

முதலில் ஒரு ரைபிள் வந்தது. நம் நாட்டில் செய்தது. பார்க்க எடுப்பாக இல்லை, ஆனால் வசந்தா எடுத்துத் தோளில் வைத்ததும் முகம் மலர்ந்தது. அடுத்து இன்னொன்று. எவரோ பெரிய வீட்டுக்காரர் விற்றுவிட்டுப் போன வெளிநாட்டுச் சரக்கு. தோளில் பதிக்கிற மரக்கட்டை பளபளவென்று இருந்தது. மேலே டெலஸ்கோப். குணசேகரனின் கண் அதிலேயே ஒட்டிக்கொண்டது.

வசந்தா அதன் கட்டையை முழங்கை மடிப்பில் வைத்து, விரலை நீட்டிப் பார்த்தாள். விரல் டிரிக்கருக்கு எட்டவில்லை. "கட்டை நீளம் ஜாஸ்திங்க. கனமும் ஜாஸ்தி. எனக்கு ஒத்து வராது."

கடைக்காரர் குணசேகரனிடம் சொன்னார்: "பழகினா சரியாயிடும் சார்."

யாருக்கு ஐயா பழகும்? விரல் வளருமா? இந்தக் கடைக்காரரே தனக்குச் செருப்பு வாங்கும்போது, ஒரு சைஸ் பெரிசு எடுத்துக்கோங்க, பழகிடும் என்று செருப்புக் கடையில் சொன்னால் கேட்டுக்கொள்வாரா?

வெளியாட்கள் முன்னால் வாக்குவாதம் வேண்டாம் என்று வசந்தா வாயை மூடிக்கொண்டாள். பளபளப்பு ஜெயித்தது. கூடவே ஒரு தோல் பெல்ட் வேறு. பெரிய தோட்டா செருகுகிற பெல்ட். இந்த ரைபிளுக்கான தோட்டாவோ சுண்டு விரல் நுனி அளவு... செருகினால் அந்தப் பக்கம் விழுந்துவிடும். அவள் கேட்ட வாரும் காதடைப்பும் அடுத்த தடவை பார்த்துக்கலாம் என்று ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் ஹாலில் கண்ணாடி பீரோ. லாட்ஜுக்கு வருகிற முக்கியஸ்தர்கள் எல்லோரும் வீட்டுக்கு அழைத்துவரப்பட்டு, பீரோவுக்கு முன்னால் நிறுத்தப்பட்டார்கள்.

சரி, அந்தப் போட்டிக்கு வருவோம். வெறுங்கையோடு திரும்பிய வசந்தாவிடம் குணசேகரன் என்ன சொன்னார் தெரியுமா? விட்டுத்தள்ளு, நீ என்ன ஒலிம்பிக்ஸுக்கா போகப்போற என்றார். ஆறுதலாம்!

இதோடு நின்றிருந்தால் நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். நிற்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு மத்தியானம் அவர்கள் வீட்டில் இருந்தேன். வசந்தா ரைபிளைத் துடைக்க எடுத்தாள். குழலை முகர்ந்தவள், போன தடவை நன்றாகத் துடைத்துத்தானே வைத்தேன் என்றாள். வெடிமருந்து வாசனை. விசாரித்ததில், அவள் ஊரில் இல்லாத ஒரு நாள் குணசேகரன் சிநேகிதர்களோடு ஜீப்பில் கீழ்பென்னாத்தூர் பக்கம் முயல் வேட்டைக்குக் கொண்டுபோயிருக்கிறார்.

கேட்டதற்கு, முயல்மேல் படக்கூட இல்லை, இதற்குப் போய் இவ்வளவு பேச்சா என்றார்.

வசந்தா குரலை உயர்த்தவில்லை. "லைசென்ஸ் என் பேர்ல இருக்குது. வழியில போலீஸ் நிறுத்தியிருந்தா உங்க மேலயும் கேஸ், என் மேலயும் கேஸ். என் வேலை போயிருக்கும். அது போவட்டும்... பக்கத்துக் கடலைக் கொல்லையில யாராவது மல்லாட்டை புடுங்கிட்டு இருந்திருந்தா?"

குணசேகரனின் முகம் சிவந்தது. "வாங்கிக் குடுத்தவன் நான். நான் தொடக்கூடாதா?"

"கூடாதுங்க."

ஒரே வார்த்தை. எழுந்து போய் ரைபிளை உறையில் போட்டு, தன் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அந்த ரைபிளை மாற்றி வாங்க மறுபடி கலெக்டர் ஆபீஸ். மறுபடி லீவு. அனுமதி வந்ததும் நாங்கள் இருவரும் மெட்ராஸ் பஸ் ஏறினோம். நீளமான உறையைப் பார்த்து, என்னம்மா வீணையா என்று கண்டக்டர் கேட்டார். "துப்பாக்கி" என்றாள் வசந்தா. அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, செங்கல்பட்டு வரைக்கும் எங்கள் பக்கமே வரவில்லை.

அதே கடை. அதே சஃபாரி சூட். உறையைப் பார்த்தார், எங்களுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். "சார் வரலீங்களா?"

வசந்தா லைசென்ஸை எடுத்து மேஜைமேல் விரித்தாள். "இதுல சார் பேரு எங்கயாவது இருக்குதா, பாருங்க."

அவர் உண்மையிலேயே பார்த்தார்! பிறகு எங்களுக்கு நாற்காலி வந்தது. அந்த எடுப்பில்லாத ரைபிள் இன்னும் விற்காமல்தான் இருந்தது. கட்டையை முழங்கையில் வைத்தாள். விரல் டிரிக்கரில் போய் உட்கார்ந்தது. துவார சைட், வார், காதடைப்பு, கம்பி எல்லாம் வந்தன. ஒவ்வொன்றையும் மாட்டிப் பார்த்து, இழுத்துப் பார்த்து, பிடிக்காததைத் திருப்பிக் கொடுத்தாள். சாயங்காலம் ஆகிவிட்டது. ஆகட்டுமே!

போன ஞாயிறு வேலூரில் கிளப் போட்டி. வசந்தா சுட்டாள். பரிசு வரவில்லை — பல வருஷம் விட்டுப்போன கை, உடனே வந்துவிடுமா? ஆனால் துளை விழுந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் மூச்சு தவறியது என்று ஊர் வந்து சேரும்வரை எனக்கு விளக்கிக்கொண்டே வந்தாள். பாதி புரியவில்லை. தலையாட்டினேன். குணசேகரன் இன்னும் முறுக்கிக்கொண்டுதான் இருக்கிறார். இருக்கட்டும். பஸ் ஸ்டாண்டுக்கு ஸ்கூட்டரோடு வந்து நின்றாரே, அதுவே போதும்.

நேற்று மார்க்கெட்டில் வாசகர் ஒருவர் நிறுத்தினார். மனைவி மொபெட் கேட்கிறாராம். எது வாங்கினால் நல்லது என்று என்னிடம் கேட்டார்.

என்னை ஏன் ஐயா கேட்கிறீர்கள்? ஓட்டப்போகிறவர் உங்கள் வீட்டில்தானே இருக்கிறார்!