நூத்தியொண்ணாம் நம்பர்

ரிசப்ஷனில் ஜெயக்கொடி ட்யூட்டிக்கு வந்தால் நெட் போய்விடும் என்று கோரிப்பாளையத்து ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் பேச்சாகக் கிடந்தது. யாரோ அவள் மேஜைக்கு அடியில் எலுமிச்சம்பழம்கூட வைத்துவிட்டார்கள். மேனேஜர் கிறிஸ்துராஜுக்கு எலுமிச்சையில் நம்பிக்கை கிடையாது. திருவாதவூர் கிளைக்கு மாற்றல் கடிதம் அடித்து வைத்துவிட்டார். வீடும் மகளின் பள்ளிக்கூடமும் வண்டியூரில் இருக்கிற ஜெயக்கொடிக்கு அது ரெண்டு பஸ் தூரம்.

"இன்னைக்கும் போச்சுன்னா கையெழுத்துப் போட்டுருவேன்" என்று சொல்லித்தான் நெட்வொர்க் தவசியைக் கூப்பிட்டார்.

எந்தக் கோளாறு என்றாலும் தவசி முதலில் மொட்டைமாடிக்குத்தான் ஏறுவார். ரோட்டுக்கு இந்தப் பக்கம் ரிசப்ஷன், அந்தப் பக்கம் லேபும் சர்வரும். நடுவில் வயர் கிடையாது. மாடிக்கு மாடி ரெண்டு சின்ன ஆன்டெனாத் தட்டுகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். அதுதான் பிரிட்ஜ், காற்றில் போட்ட பாலம். தட்டைத் திருப்பிப் பார்த்தார். பாலம் நன்றாகத்தான் இருந்தது.

கீழே ஜெயக்கொடி வந்து உட்கார்ந்தாள். அஞ்சாவது நிமிஷம் ரிப்போர்ட் வருவது நின்றது.

"பாத்தீகளா?" என்றார் மேனேஜர்.

தவசி எதிர்க் கட்டடத்துக்குப் போன் போட்டு சர்வரை அணைக்கச் சொன்னார். அணைத்தார்கள். இங்கிருந்து சர்வரைக் கூப்பிட்டால் பதில் வருகிறது!

"செத்தவன் பேசுறானே!" என்றார் தவசி.

நெட்வொர்க்கில் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு நம்பர்தான் பேர். அங்கே ஆள் தேடுவது சிக்னலில் நின்று "ஏ பாண்டி!" என்று கத்துவது மாதிரிதான். எவன் திரும்புகிறானோ அவன் கையில் சாமானைக் கொடுத்துவிட்டு கம்ப்யூட்டர் நிம்மதியாகிவிடும். ரெண்டு பாண்டி திரும்பினால் கிட்டத்தில் நிற்பவனுக்கு யோகம்.

ஒவ்வொரு மெஷினாக அணைத்துப் பார்த்தார். ஸ்டிக்கர் பிரிண்டரை அணைத்ததும் பதில் நின்றது. மற்றவர்கள் ரத்தக் குப்பியில் பேனாவால் பேர் கிறுக்குவார்கள். ஒழுங்காகப் பிரிண்டரைப் போடுகிறவள் ஜெயக்கொடி ஒருத்திதான். அதன் நம்பர் 101-ல் முடிந்தது. சர்வரும் 101.

"எந்த மடப்பய இந்த நம்பரப் போட்டான்?" என்று வாய்விட்ட பிறகுதான் தவசிக்கு உறைத்தது. ரெண்டையும் மாட்டியவர் அவரேதான். நூறு என்று மொட்டையாக முடிக்க அவருக்குக் கை வராது, மொய் எழுதிப் பழகிய கை. மூணு வருஷம் முன்னால் சர்வருக்கு 101 போட்டதை மறந்து, ஆடியில் பிரிண்டருக்கும் அதையே போட்டிருக்கிறார்.

"என்னண்ணே, ஒரே வீட்டுக்கு ரெண்டு மொய்யா?" என்றாள், ரெண்டையும் மாட்டியது அவர்தான் என்று தெரிந்த ஜெயக்கொடி.

தவசி பிரிண்டரை 151 ஆக்கி, சர்வரைப் போடச் சொன்னார். ரிப்போர்ட்டுகள் கொட்டின.

"என்னதான் கோளாறு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் மேனேஜர்.

"கம்பெனிலருந்தே பிரிண்டர் அப்பிடி வந்துருக்கு சார்."

கடிதம் கிழிந்தது. மேனேஜர் போனதும் ஜெயக்கொடி மெதுவாகச் சொன்னாள்: "தப்பு உங்களுதுன்னு எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்த சொல்லிருங்கண்ணே. இம்புட்டு நாளா என்னையத்தான பேசுனாக."

"நாளைக்கு வாரேன், சொல்லிர்றேன் தாயி."

அது ஐப்பசியில். அதற்கப்புறம் நாலு தடவை வந்து போய்விட்டார். ஒவ்வொரு தடவையும் ஜெயக்கொடி டீ வாங்கிக் கொடுத்துவிட்டு எதிரில் நிற்கிறாள். தவசி டீயில் சர்க்கரை தூக்கல் என்கிறார்.