உறை போட்ட லேப்டாப்

"...த்தி த்தி த்தி த்தி த்தி..."

கூடத்திலிருந்து அந்தச் சத்தம் வந்ததும், உள்ளே தையல் அறையில் ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றது. மிதிபலகையிலிருந்து காலை எடுத்த உறைக்காரம்மா இருந்த இடத்திலிருந்தே கேட்டார்.

"நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சும்மா," என்றாள் கூடத்தில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்த ரிப்பேர்காரப் பெண்.

"எதுல?"

"'ஒருத்தி'யிலதாம்மா."

உறைக்காரம்மா கண்களை மூடிக்கொண்டார். அந்த ஒற்றைச் சொல்லில்தான் மூன்று வாரமாக அவருடைய உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது.

அவருடைய கணவர் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவர். யார் போன் செய்து தண்ணீர் வரவில்லை என்று அழுதாலும், "பார்க்கச் சொல்றேன்" என்பார். வீட்டிலும் அதே பதில்தான். மழையில் அடுக்களை ஒழுகினாலும் "பார்க்கச் சொல்றேன்". யாரைப் பார்க்கச் சொல்வார் என்பது இத்தனை வருடக் குடித்தனத்தில் உறைக்காரம்மாவுக்குத் தெரியாத ரகசியம். இவ்வளவு குறைவாகப் பேசுகிற மனிதரை ஓய்வுபெறும் நாளன்று மேடையேற்றி, கையில் மைக்கையும் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கென்று பார்த்து உறைக்காரம்மா காய்ச்சலில் சுருண்டு படுத்திருந்தார். விழாவுக்குப் போக முடியவில்லை.

அலுவலகத்தார் விழாவை வீடியோ எடுத்து ஒரு பென் டிரைவில் கொடுத்தனுப்பினார்கள். வெளியூரிலிருந்து வந்திருந்த மகன் அதைத் தன் பழைய லேப்டாப்பில் ஏற்றி, லேப்டாப்பையும் அம்மாவிடமே விட்டுவிட்டுப் போனான். மறுவாரம் அந்தப் பென் டிரைவ் அப்பாவின் சட்டைப் பையோடு சேர்ந்து துவைக்கப்பட்டு, மிகச் சுத்தமாக வெளியே வந்தது. உள்ளே இருந்த விழாவும் வெளுத்துப்போனது. அலுவலகத்திலும் தங்கள் பிரதியை அழித்துவிட்டிருந்தார்கள். ஆகவே உலகத்திலேயே அந்தப் பேச்சு மிச்சமிருந்த ஒரே இடம் இந்த லேப்டாப்தான்.

அதில் கணவர் மைக்கைப் பிடித்து, தொண்டையைச் செருமி, "இந்த முப்பத்திரெண்டு வருஷமும் என்னை விழாம நிக்க வச்சது ஒருத்தி" என்கிறார். அதோடு படம் நின்றுவிடுகிறது. திறந்த வாய் திறந்தபடியே இருக்கிறது.

ஒரு நாள் அந்த வார்த்தைக்குச் சற்று முன்னாலேயே நின்றது. இன்னொரு நாள், உறைக்காரம்மா வேண்டாத தெய்வமில்லை என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்தபோது, "ஒருத்தி இருக்கா. அவ இல்லேன்னா" வரை போய் நின்றது. கேட்க முடிந்த வரைக்கும் அதுதான் எல்லை. அதற்கு அப்பால் இருட்டு.

"யாருங்க அந்த ஒருத்தி?" என்று கணவரை நேருக்கு நேர் கேட்டாயிற்று.

"மேடையில ஏறினதும் கண்ணைக் கட்டிடுச்சு. என்ன பேசினேன்னே ஞாபகம் இல்ல," என்று அவர் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். தாள் தலைகீழாக இருந்தது.

மகனுக்குப் போன் செய்தபோது அவன், "ரீஸ்டார்ட் பண்ணிப் பாரும்மா," என்றான்.

"எட்டு தடவை பண்ணியாச்சுடா. அது நல்லாத்தான் ரீஸ்டார்ட் ஆகுது. உங்கப்பாதான் ஆக மாட்டேங்கறார்."

அதன் பிறகுதான் கடைத்தெருவில் லேப்டாப் பழுது பார்க்கும் இந்தப் பெண்ணை வீட்டுக்கே வரவழைத்தது. முப்பத்தைந்து வயதிருக்கும். தோளில் கருப்புப் பை, தலைமுடியில் செருகிய ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர். வந்ததும், "முதல்ல வீடியோவை ஒரு காப்பி எடுத்துக்கறேம்மா, பத்திரத்துக்கு," என்றாள்.

"வேணாம் பொண்ணே. வீட்டு விஷயம் வாசப்படி தாண்டக் கூடாது. இங்கேயே வச்சு, இங்கேயே சரி பண்ணு."

அந்தப் பெண் படத்தைக் காட்டும் மென்பொருளை மாற்றிப் பார்த்தாள். டிரைவர் என்று ஏதோ ஒன்றைப் புதிதாக இறக்கினாள். பேரக்குழந்தை தவழும் வீடியோவைப் போட்டாள். அது ஒரு நிமிடம் தவழ்ந்து ஒழுங்காக முடிந்தது. விழா வீடியோ மட்டும் பதினாலாவது நிமிடத்தில் கல்லாகிவிட்டது.

உறைக்காரம்மா கூடத்துக்கு வந்து அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சும்மா. ரெண்டு பசங்க."

"உன் வீட்டுக்காரர் நாலு பேர் முன்னாடி 'ஒருத்தி'ன்னு பேசினா நீ என்ன நினைப்பே?"

"அவர் முதல்ல பேசட்டும்மா. அப்புறம் நினைச்சுக்கலாம்."

"விளையாடாதே. பொண்டாட்டியைச் சொல்றவன் 'என் மனைவி'ம்பான். 'ஒருத்தி'ன்னா வேற ஒருத்திதானே? அவர் பிரிவுல ஒரு டைப்பிஸ்ட் இருந்தா. தினமும் இவருக்கு ஃபைல் எடுத்துக் குடுப்பா."

அடுக்களையிலிருந்து கணவரின் குரல் வந்தது. "அந்தம்மாவுக்கு அறுபத்தி நாலு வயசு. ரிட்டயர் ஆகி நாலு வருஷமாச்சு." மூன்று வாரமாக அவர் அடுக்களையை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. தேநீர் போடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு அங்கேயே பதுங்கியிருந்தார்.

"வயசெல்லாம் சரியாத்தான் ஞாபகம் இருக்கு," என்றார் உறைக்காரம்மா.

பாவம், உறைக்காரம்மாவையும் குறை சொல்ல முடியாது. பத்தொன்பது வயதில் தையல் கற்றுக்கொண்டு ரவிக்கை தைக்கத் தொடங்கியவர் அவர். வந்தவர்கள் எல்லோரும் இங்கே பிடிக்கிறது, அங்கே தொளதொளக்கிறது என்று கண்ணாடி முன் நின்று குறை சொன்னார்கள். ஒருநாள் ஒரு நாற்காலிக்கு உறை தைத்துக் கொடுத்தார். நாற்காலி வாயே திறக்கவில்லை. அன்றே மனிதர்களுக்குத் தைப்பதைக் கைவிட்டார். அதன்பின் வாஷிங் மெஷின், மோட்டார் சைக்கிள், பக்கத்துத் தெரு இசைப்பள்ளியின் பெரிய பியானோ என்று அவர் கைபட்டுப் போர்த்தப்படாத பொருள் அந்த வட்டாரத்தில் இல்லை. வீட்டில் ரிமோட்டுக்கு உறை, மிக்ஸிக்கு உறை, அந்த உறை அழுக்காகாமல் இருக்க அதற்கு மேல் ஒரு மெல்லிய உறை. "கொஞ்ச நேரம் அசையாம உட்கார்ந்தா எனக்கும் அளவெடுத்துடுவா," என்று கணவரே நண்பர்களிடம் சொல்வதுண்டு. போர்த்திக் காப்பதுதான் உறைக்காரம்மா அறிந்த அன்பு. அப்படி அரும்பாடுபட்டுப் போர்த்திக் காத்த குடும்பத்தில் யாரோ ஒருத்தி புகுந்துவிட்டாளே என்ற வேதனை அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

ரிப்பேர்காரப் பெண் வீடியோவை மறுபடியும் முதலிலிருந்து போட்டாள். இந்த முறை ஆறாவது நிமிடத்தில், அலுவலக மேலாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அம்மா, இது 'ஒருத்தி'யில நிக்கல."

"பின்னே?"

"நேரத்துல நிக்குது. ஆறின லேப்டாப்னா பதினாலு நிமிஷம் ஓடுது. இப்ப ஏற்கெனவே சூடு, அதான் ஆறுலயே விழுந்துடுச்சு. நீங்க தினம் ஒரு தடவைதானே போடுவீங்க?"

"ஆமா. ஒரு தடவை பார்த்ததுக்கே மறுநாள் வரைக்கும் நெஞ்சு படபடக்குதே. ஒருநாள் என் பையன் போன்ல சொல்லச் சொல்ல அந்த இடத்தைத் தாண்டி ஓட்டிப் பார்த்தேன். உடனே நின்னுடுச்சு."

"சூடா இருக்கும்போது எங்க ஓட்டினாலும் நிக்கும்மா."

சொல்லிக்கொண்டே லேப்டாப்பைத் தூக்கி அடியில் கை வைத்தவள், சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். வந்ததிலிருந்து அது உடுத்தியிருந்ததை அவள் கவனித்துத்தான் இருந்தாள். ஏதோ அலங்காரம் என்று நினைத்து விட்டுவிட்டாள். இப்போதுதான் விரலால் தடவிப் பார்த்தாள். மெரூன் நிறத் துணி, நடுவில் பஞ்சு, உள்ளே ஃபிளானல், ஓரத்தில் லேஸ். திரையும் விசைப்பலகையும் மட்டும் வெளியே தெரிந்தன. சார்ஜர் செருக, பித்தான் துளை போல அழகாக ஓரம் கட்டிய ஒரு ஓட்டை. மற்ற இடமெல்லாம் மூடித் தைத்திருந்தது.

"அம்மா, இந்தப் பக்கம் சல்லடை மாதிரி ஒண்ணு இருந்திருக்குமே?"

"இருந்துச்சு. பூச்சி புகுந்துடும்னு ரெட்டைத் தையல் போட்டு அடைச்சுட்டேன்."

"அது மூச்சு விடுற மூக்கும்மா."

உறைக்காரம்மாவுக்கு முகம் சிவந்தது. "முப்பது வருஷமாத் தைக்கிறேன். என் உறையைப் போட்டு ஒரு பொருள் கெட்டதா இதுவரைக்கும் ஒருத்தர் சொன்னதில்ல."

"மத்ததெல்லாம் சும்மா இருக்கிற பொருள்மா. இது உழைக்குது. உள்ளே ஃபேன் ஓடுது, சூடான காத்து வெளியே வரணும். வர வழியில்லேன்னா இது தன்னைக் காப்பாத்திக்க அப்படியே நின்னுடும்."

அடுக்களை வாசலில் கணவரின் தலை தெரிந்தது. "அதாவது, உறை போட்டா உறையத்தான் செய்யும்."

மூன்று வாரத்தில் அவர் தானாக வந்து சொன்ன முதல் வாக்கியம் அது. உறைக்காரம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் தலை மறுபடி உள்ளே போய்விட்டது.

ரிப்பேர்காரப் பெண் முடியிலிருந்து ஸ்க்ரூடிரைவரை உருவினாள். "கழட்டட்டுமாம்மா?"

உறைக்காரம்மா உறையின் ஓர லேஸைத் தடவிப் பார்த்தார். ஒரு பக்கம் முப்பது வருடப் பெயர். மறுபக்கம் அந்த ஒருத்தி. எழுந்து உள்ளே போய், தையல் பிரிக்கும் கொக்கியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"நீ தொடாதே. என் கையால போட்ட தையல். நானே பிரிக்கிறேன்."

ஒவ்வொரு தையலாகப் பிரித்தார். வாடிக்கையாளர் யாராவது கேட்டிருந்தால் கையை வெட்டிக்கொண்டிருப்பார், ஆனால் இப்படிப் பிரித்திருக்க மாட்டார். உறை கழன்று விழுந்ததும் உள்ளேயிருந்து அனல் அடித்தது. ரிப்பேர்காரப் பெண் அடிமூடியைத் திறந்து, ஃபேனில் சுற்றியிருந்த மெரூன் நூலையும் பஞ்சையும் சிறு பிரஷ்ஷால் எடுத்தாள். மூடியைப் பூட்டி, இரண்டு நூல்கண்டுகளின் மேல் லேப்டாப்பைத் தூக்கி நிறுத்தினாள். அரை மணி நேரம் ஆறவிட்டு, வீடியோவை முதலிலிருந்து போட்டாள்.

"நீங்களும் வாங்க," என்றார் உறைக்காரம்மா, அடுக்களைப் பக்கம் திரும்பாமலே.

"பால் அடுப்புல இருக்கு."

"அடுப்பை அணைச்சுட்டு வாங்க."

கணவர் வந்து சுவரோரமாக நின்றார். பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் அட்டைக்குக் காத்திருக்கும் மாணவனின் முகம்.

ஆறு நிமிடம் தாண்டியது. மேலாளர் பேசி முடித்தார். பன்னிரண்டு தாண்டியது. பதினாலு.

"இந்த முப்பத்திரெண்டு வருஷமும் என்னை விழாம நிக்க வச்சது ஒருத்தி. ஒருத்தி இருக்கா. அவ இல்லேன்னா நான்..."

திரையில் கணவர் அசையாமல் நின்றார். வாய் திறந்திருந்தது. சத்தமே இல்லை.

உறைக்காரம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். "போச்சு. பிரிச்சது வீண்."

ரிப்பேர்காரப் பெண் குனிந்து திரையை உற்றுப் பார்த்தாள். கீழே நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மேடைக்குப் பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"லேப்டாப் நிக்கலம்மா," என்றாள் மெதுவாக. "சார்தான் நிக்கிறார்."

திரையில் அந்த மனிதரின் கண்ணிலிருந்து நீர் வழிந்து கன்னத்தில் இறங்கியது. ஐந்து நொடி, பத்து நொடி, இருபது நொடி. அரங்கத்தில் யாரோ இருமினார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "யார் சார் அது?" என்று கேட்டது.

கணவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மைக்கில் சொன்னார்.

"வீட்ல."

பிறகு, "வீட்ல காய்ச்சல். மாத்திரை போட்டாளான்னு தெரியல. நான் வரேன்," என்று மைக்கை மேலாளர் கையில் திணித்துவிட்டு மேடையை விட்டு இறங்கிவிட்டார். காமிரா காலியான மேடையையே சற்று நேரம் காட்டிக்கொண்டிருந்தது.

உறைக்காரம்மாவின் மடியில் மெரூன் துணி நனைந்தது.

"அன்னைக்கு ஏழு மணிக்கே வந்து நின்னீங்களே," என்றார் கடைசியில். "விருந்து நல்லால்ல, உப்பே இல்லேன்னு சொன்னீங்க."

"உப்பில்லாமத்தான் இருந்திருக்கும்."

"சாப்பிட்டாத்தானே தெரியும்?"

கணவர் சுவரைப் பார்த்தார். "எண்பது பேர் முன்னாடி பேச முடியாம நின்னு அழுதுட்டு ஓடி வந்தேன். அதை நீ பார்க்க வேணாம்னுதான் ஞாபகம் இல்லேன்னு சொன்னேன்."

"எண்பது பேர் பார்த்ததை நான் மட்டும் பார்க்கக் கூடாதா? அதுவும் 'வீட்ல'யாம். எனக்குன்னு ஒரு பேரு இருக்கே, அதைச் சொன்னா மைக் வெடிச்சுடுமா?"

"பேரெல்லாம் அத்தனை பேர் முன்னாடி எப்படிச் சொல்றது?"

"இங்க மூணு பேர்தானே இருக்கோம். இப்பச் சொல்லுங்க."

ரிப்பேர்காரப் பெண் அவசர அவசரமாகப் பையை மூடித் தோளில் மாட்டினாள். "அம்மா, நூல்கண்டை எடுத்துடாதீங்க, அடியில காத்துப் போகட்டும். நான் கிளம்பறேன்."

கணவர் அவளை வழியனுப்ப வாசல்வரை வந்தார். மனைவியின் எதிரில் நிற்காமலிருக்க அவருக்கும் ஒரு காரணம் தேவைப்பட்டது. அவள் ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது. அழுகையும் அதிகாரமும் சரிபாதி கலந்த குரல்.

"என்னங்க, நீங்க அழற இடத்தை மறுபடி எப்படிப் போடுறது?"

ரிப்பேர்காரப் பெண் திரும்பினாள். "இருங்க சார், காட்டிக் குடுத்துட்டுப் போறேன்."

"வேணாம்மா. எனக்குத் தெரியும்."

"தெரியுமா சார்?"

"தெரியாது. நீ கிளம்பு," என்று சொல்லிவிட்டு அவர் கதவைச் சாத்தினார். அவள் இன்னொரு செருப்பைக் கையில் பிடித்தபடி வெளியே நின்றாள்.