அறுநூற்றுப் பன்னிரண்டாவது அடி

நகராட்சி மாடியில், கோப்பு அலமாரிக்கும் ஓடாத மின்விசிறிக்கும் நடுவே உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷமாக வரைபடம் சரிபார்க்கிறவள் அவள். ஆபீசில் பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. ‘பழுப்பு’ என்பார்கள். எப்போதும் காதில் செருகியிருக்கும் பழுப்பு பென்சில்தான் காரணம்.

வேலை இதுதான். ஒரு நிலத்தை மனைகளாக வெட்டி விற்க வேண்டுமானால், உள்ளே போடுகிற தெருக்களை ஊருக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். அந்தத் தெருக்களை அவள் பிளானில் பழுப்பால் தீட்டுவாள். பழுப்பும் பத்திரமும் ஒத்துப்போனால்தான் முத்திரை. அந்தப் பத்திரத்துக்குத் தானப்பத்திரம் என்று பெயர். அந்தப் பெயரே அவளுக்கு ஆகாது. தெரு இல்லாத மனையை எவன் வாங்குவான்? தெருவைக் காட்டித்தானே விற்கிறான், அப்புறம் என்ன தானம்?

சேர்ந்த புதிதில் ஒரு தப்பு செய்தாள். படத்தில் தெரு எல்லைவரை போயிருந்தது, தீட்டிவிட்டாள். பத்திரத்தில் நீளம் ஓரடி குறைந்திருந்ததைப் படிக்கவில்லை. தெரு முடிகிற இடத்தில் அந்த ஓரடியைத் தன் பேரிலேயே வைத்துக்கொண்ட, மனை போட்ட முதலாளி அதன்மேல் சுவர் எழுப்பினார். பின்னால் இருந்த வீடுகளுக்கு வழி செத்தது. கல்யாணமாகி அவள் போன வீடு அந்தச் சுவருக்குப் பின்னால். பஸ் நிறுத்தம் கூப்பிடு தூரம், சுற்றிப் போனால் இருபது நிமிஷம். “உன் கையெழுத்தைத்தான் தினமும் சுத்திட்டு வர்றோம்” என்பார் வீட்டுக்காரர். அவள் சிரிக்க மாட்டாள்.

இந்த வருஷம் நாற்பத்து மூன்று மனைகளுக்கான கோப்பு ஒன்று வந்தது. பதினேழாம் மனைக்கு முன்பணம் கட்டியிருந்தது அவளுடைய தங்கை. இருக்கிற வாடகை வீட்டை மாசக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லியாகிவிட்டது. முத்திரை விழுந்தால் அடுத்த நாளே அஸ்திவாரம் என்று குடும்பமே காத்திருந்தது.

நில அளவுப் படத்தில் கிழக்கு எல்லைவரை அறுநூற்றுப் பன்னிரண்டு அடி. பத்திரத்தில் தெரு அறுநூற்றுப் பதினொன்று. பென்சிலைக் காதிலேயே திரும்பச் செருகிக்கொண்டு, டேப் பிடிக்கிறவரைக் கூட்டிக்கொண்டு இடத்துக்குப் போனாள். அளந்தார்கள். பன்னிரண்டுதான். எல்லைக்கல்லுக்கு அப்பால் ஒன்பது வீடுகள். ஒரு பெண் வாய்க்கால் மேல் போட்டிருந்த பலகையில் கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தாள். ரோடு வருகிறதாமே, எங்களுக்கும் உண்டா என்று கேட்டாள். வாக்குக் கொடுக்கிற அதிகாரம் இவளுக்குக் கிடையாது. சிலிண்டருக்கு மட்டும் ஒரு கை கொடுத்தாள்.

மனை போட்டவரின் மேனேஜர் அதற்குள் பைக்கில் வந்துவிட்டார்.

“ஓரடிதானே மேடம். ஒரு பூந்தொட்டி வைக்கிற இடம்.”

“அவ்வளவுதானா? அப்போ குடுத்துடுங்க.”

“குடுத்தா பின்னாடி இருக்கறவங்க எல்லாம் இதுல வந்துடுவாங்களே.”

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

கோப்பில் அவள் ஒரே வரி எழுதினாள்: ‘612-இல் 611. மீதி ஓரடி எங்கே?’ திட்ட அலுவலர் கூப்பிட்டு, அகலம் முப்பதடி சரியாக இருக்கிறது, நீளத்தில் என்ன வம்பு என்றார். உன் தங்கச்சி தலையில் நீயே மண்ணை வாரிப் போடுகிறாயே என்றும் கேட்டார். தெரு எல்லைக் கோட்டைத் தொட வேண்டும் என்ற விதி இருக்கிற பக்கத்தில் அவள் புத்தகத்தைத் திறந்து மேஜையில் வைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தங்கை போன் செய்தாள்.

“ஒரு அடிக்காக என்னைத் தெருவுல நிறுத்தறியா அக்கா?”

“அந்த ஒன்பது வீட்டுக்குத் தெருவே இல்லடி.”

“அவங்க உனக்கு யாரு?”

கேட்ட வேகத்தில் தங்கையே போனை வைத்துவிட்டாள்.

மாசம் முடிந்தது. தங்கை, அவள் புருஷன், இரண்டு பிள்ளைகள், ஒரு பீரோ, எல்லாம் அக்கா வீட்டு ஹாலுக்கு வந்து சேர்ந்தன. சுவரைச் சுற்றித்தான் வந்தார்கள். பீரோவை இறக்கிய வேன்காரர், எதிரில் தெரிகிற ரோட்டை விட்டுவிட்டு இந்த வீட்டுக்கு எந்தக் கிறுக்கன் வழி விட்டான் என்று கேட்டார். தங்கை அக்காவைப் பார்த்தாள். ஐந்து வாரம் ஒரே ஹாலில் இருந்தும், பிள்ளைகள் வழியாகத்தான் பேச்சு.

ஆறாவது வாரம் திருத்திய பத்திரம் வந்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு. அவள் ஸ்கேலை வைத்து இரண்டு தடவை பார்த்தாள். கிழக்குக் கோடுவரை பழுப்பைக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

இப்போது பதினேழாம் மனையில் வீடு நிற்கிறது. தங்கைக்குப் பேச்சு திரும்பிவிட்டது. எல்லாம் புகார்தான்.

“உன் ஒன்பது வீட்டு பைக்கும் காலைல அஞ்சு மணிக்கே என் ஜன்னலோரமாத்தான் போவுது. தூங்க முடியல.”

“எத்தனை பைக்?”

“ஏழு. ஒரு ஆட்டோ வேற.”

“சரி” என்று தங்கை வீட்டில் காபி குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவள் கிளம்பினாள். பஸ்ஸை விட்டு இறங்கி, தன் சுவரைச் சுற்றி வீட்டுக்கு நடக்க இருபது நிமிஷம் ஆனது.