ஒரே ஸ்குரூவுக்கு அடியில மூணு ஒயர்

இன்னைக்கு சாயங்காலம் எங்க ஊட்டு ரேடியோவச் சுத்தி தெருவே குந்திகினு யுத்த சேதி கேட்டுது.

லைட்டு ஒயர் இருந்த பியூஸ் ஸ்குரூவுலயே ரேடியோ ஒயரையும் ஃபேன் ஒயரையும் சொருகினவன் என் மச்சான். "நல்லா இறுக்கமா கீது மாமா"ன்னான்.

திடீர்னு கருகல் நாத்தம். பியூஸ் பலகைல புகை.

மெயினை அணைக்க எழுந்தேன்.

"சேதி முடியட்டும், குந்துய்யா!"ன்னு அத்தினி பேரும் கத்துனாங்க.

பக்கத்து ஊட்டு பாய் மட்டும் ரேடியோவாண்ட காதை வச்சிகினு இருந்தாரு. அவரு புள்ள ரங்கூன்ல கீறான்.

பலகை பத்திக்கிச்சு. ரேடியோ "ரங்கூன் துறைமுகத்தில்..."னு ஆரம்பிக்குது. நான் மெயினை இழுத்துட்டேன்.

ஊடு தப்பிச்சிது. பாய் இன்னும் இருட்டுல குந்திகினு கீறாரு.

"ரெண்டு நிமிசம் பொறுத்திருக்கலாமே மாமா"ன்றான் மச்சான்.

நியாயத்த நீங்களே சொல்லுங்க: பாய்கிட்ட போய்ப் பேச வேண்டியது நானா, அவனா?